ஆள் நிற்காத கடையின் கணக்கு

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் யாரிடமாவது பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். வாடகை, ஜிஎஸ்டி, ஆன்லைன் வியாபாரம் எல்லாம் வந்து போன பிறகு கடைசியில் ஒரு வார்த்தை வரும்: "வேலைக்கு ஆள் நிக்கவே மாட்டேங்குதுங்க." ஆடித் தள்ளுபடிக்குச் சேர்ந்த பையன் தீபாவளி வரை இருப்பதில்லை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன பெண் திரும்பி வருவதில்லை. நான் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இந்தப் புலம்பலைக் கேட்காத வருடம் கிடையாது. ஆனால் எந்தக் கடையின் பேரேட்டிலும் 'ஆள் போன செலவு' என்று ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை. மின்சாரத்துக்கு ஒரு பக்கம் உண்டு. கட்டைப் பைக்கு உண்டு, வெள்ளிக்கிழமைப் பூ மாலைக்கும் உண்டு. ஆள் போனதற்கு மட்டும் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கணக்குக்கு ஒரு கடை வேண்டும். உஸ்மான் சாலையிலோ ரங்கநாதன் தெருவிலோ மூன்று மாடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்கள் 60 பேர். அதில் கவுண்டரில் நின்று விற்பவர்கள் 40 பேர். சராசரி மாதச் சம்பளம் ரூ.15,000. வருடத்தில் 350 நாள் வியாபாரம், நாளுக்கு ரூ.3,00,000 விற்பனை. அப்படியானால் வருடச் சம்பளம் ரூ.1,08,00,000, வருட விற்பனை ரூ.10,50,00,000. இந்தக் கடை கற்பனைக் கடைதான். இதில் வரும் விலையும் வாடகையும் ஆள் எண்ணிக்கையும் கணக்குக்காக நான் வைத்தவை. படிக்கிறவர் தம் கடையின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். சட்டத்தில் உள்ள எண்களும் ஆய்வுகளில் வந்த எண்களும் மட்டும் அப்படியே உள்ளவை.

முதலில் நிற்பதை அளப்போம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் வரையறை. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாள் 10 மணியைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இரண்டு மடங்கு. 4 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேரம் ஓய்வு. ஆக, சட்டத்தை அப்படியே மதிக்கிற கடையிலும் மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் ஓர் ஆள் வருடத்தில் 2,496 மணி நேரம் நிற்கிறார். அந்த நேரம் முழுக்க எதிரே வாடிக்கையாளர் இருப்பதில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தெரியும். பாதி நேரம்தான் வியாபாரம் என்று வைத்தால், மீதி 1,248 மணி நேரம் அவர் சும்மா நிற்கிறார். 40 பேருக்கு 49,920 மணி நேரம். அந்த நேரத்தில் அவர்கள் உட்கார்ந்தால் ஒரு கைக்குட்டை விற்பனைகூடக் குறையாது.

உட்கார்ந்து விற்பது நமக்குப் புதிதில்லை. பழைய பட்டுக்கடைகளை நினைத்துப் பாருங்கள். தரையெல்லாம் மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு. விற்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்து புடவையைப் பிரிப்பார். வாங்க வந்த குடும்பம் எதிரே உட்கார்ந்து பார்க்கும். காஞ்சிபுரத்தில் இன்றும் அப்படி வியாபாரம் நடக்கிறது. மயிலாப்பூரில் கல்யாணப் புடவை எடுத்த பழைய குடும்பங்களுக்கு அந்த வெள்ளை விரிப்பு நினைவிருக்கும். பிறகு கண்ணாடிக் கவுண்டர் வந்தது, விற்பவர் எழுந்து நின்றார். ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் கவுண்டரோடு சேர்ந்து வந்ததுதான். இங்கே பரம்பரை பரம்பரையாக இருந்து வந்த வழக்கம் என்று அதைச் சொல்ல முடியாது.

சட்டத்தின் பக்கம் வந்தால் தேதிகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்று தனிச் சட்டமே 1899-ல் வந்தது: ஓர் அறையில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை. இந்தியாவில் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்யும் தொழிலாளி இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார வசதி வேண்டும் என்று சொன்னது. 1964-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று ஏற்படுத்திய 120-ஆம் உடன்படிக்கையும் போதிய இருக்கை வேண்டும், அதைப் பயன்படுத்த நேரமும் வேண்டும் என்றது. நம் ஊர்க் கடை ஊழியருக்கு அது 2021-ல்தான் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி தொழிலாளர் நல அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947 சட்டத்தில் 22-அ என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது: ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும். கேரளத்துக்கு அடுத்து இந்தச் சட்டம் வந்த மாநிலம் தமிழ்நாடு. ஆலைத் தொழிலாளிக்கும் கடை ஊழியருக்கும் நடுவே 73 ஆண்டு. இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே மாதிரிக் கால்தான்.

கேரளத்தில் அது தானாக வந்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, முதலில் கேட்டது கழிப்பறை. பிறகுதான் இருக்கை. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் 2014 இறுதியில் ஆரம்பித்த 'இரிக்கல் சமரம்', அதாவது உட்காரும் உரிமைக்கான போராட்டம், நூறு நாளைத் தாண்டியது. கேரளச் சட்டத் திருத்தம் 2018-ல் வந்தது. ரங்கநாதன் தெருவின் நிற்கும் வாழ்க்கையை 2010-லேயே வசந்தபாலன் 'அங்காடித் தெரு' படத்தில் காட்டிவிட்டார். படம் பார்த்துக் கண் கலங்கியவர்களில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவுக்குத் துணி எடுக்கப் போனவர்களும் உண்டு. நானும் போனேன்.

உடம்புக்கு என்ன ஆகிறது? கடைப் பெண்கள் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். கெண்டைக்காலில் நீல நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். நடக்கும்போது காலின் தசை ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. நரம்பின் வால்வு தளர்கிறது. டென்மார்க்கில் 12 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, மருத்துவமனைக்கு வரும் அளவுக்கு முற்றிய நரம்புச் சுருட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்ட நேரம் நின்று பார்க்கும் வேலையால் வந்தது என்றது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை 12 ஆண்டு பின்தொடர்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், பெரும்பாலும் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. நாள் முழுக்க உட்காருவதும் கெடுதல்தான். உடம்பு கேட்பது மாறி மாறி இருப்பதை.

இப்போது செலவுக்கு வருகிறேன். இருக்கைக்கு என்ன ஆகும்? பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று ரூ.600 என்றால் 40 ஸ்டூலுக்கு ரூ.24,000. மூன்று வருடம் வரும் என்று பிரித்தால் வருடத்துக்கு ரூ.8,000. இதைச் சொன்னால் எந்த முதலாளியும் பெரிய தொகை என்று சொல்ல மாட்டார். அவர் சொல்வது வேறு: "இடம் எங்க இருக்கு?" அது சாக்கில்லை, நியாயமான கேள்வி. ஸ்டூலும் அதில் உட்கார்ந்தவர் காலும் சேர்ந்து ஒன்றரைச் சதுர அடி பிடிக்கும். 40 பேருக்கு 60 சதுர அடி. சதுர அடி வாடகை மாதம் ரூ.200 என்றால் மாதம் ரூ.12,000, வருடம் ரூ.1,44,000. ரூ.8,000 ஸ்டூலுக்குப் பின்னால் ரூ.1,44,000 வாடகை நிற்கிறது. தி.நகரில் பாதுகாப்பு என்று சொல்லும் எதுவும் கடைசியில் சதுர அடிக் கணக்காகிவிடுகிறது. மாடிப்படியில் அடுக்கிய அட்டைப் பெட்டி, சாப்பிட இடமில்லாமல் பரணுக்குக் கீழே உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறக்கும் பெண்கள், ஐந்தாவது மாடியில் ஒரே ஒரு கழிப்பறை. எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான்.

இருக்கைக்கு ஒரு வழி உண்டு. ரயில் பெட்டியில் இருப்பது போலக் கவுண்டரின் உள்பக்கம் கீல் வைத்து மடக்கும் பலகை. நின்றால் மடிந்து போகும், உட்கார்ந்தால் விரியும். தச்சர் கூலியோடு ஒன்று ரூ.1,500 என்று வைத்தாலும் 40-க்கு ரூ.60,000. ஐந்து வருடம் வரும்; வருடத்துக்கு ரூ.12,000. வாடகை இழப்பு இல்லை.

எதிர்ப்பக்கத்தில் 'ஆள் போன செலவு' எழுதுவோம். 60 பேரில் வருடம் 24 பேர் போகிறார்கள் என்று வைப்போம். ஓர் ஆள் போய் இன்னொருவர் வந்தால் என்ன செலவு? கொடுத்த அட்வான்ஸில் திரும்பாதது, ஊரிலிருந்து அழைத்துவரும் செலவு, ஆள் பிடித்துத் தந்தவருக்குக் கொடுப்பது எல்லாம் ரூ.3,000. பழக்கிவிடும் சூப்பர்வைசரின் நேரம் ரூ.2,000. பெரிய செலவு இனிமேல்தான். புது ஆள் முதல் இரண்டு மாதம் பாதி வேலைதான் பார்ப்பார். அதாவது ஒரு மாதச் சம்பளம், ரூ.15,000, வீண். மொத்தம் ரூ.20,000. 24 பேருக்கு ரூ.4,80,000.

அந்த 'பாதி வேலை' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது பட்டுப் பகுதியில் நின்று பார்த்தால்தான் புரியும். கோர்வை எது, ஒட்டு பார்டர் எது, ஜரிகை எந்தத் தரம், இந்த நிறம் கல்யாண மேடை விளக்கில் எப்படித் தெரியும் என்பதெல்லாம் இரண்டு மாதத்தில் வராது. ஐந்து வருடம் நின்ற ஒரு பெண் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே எந்த அடுக்கைப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். பத்துப் புடவை பிரித்து விற்பதற்கும் நாற்பது புடவை பிரித்தும் விற்காமல் மடித்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்தான். "அந்த அக்கா இன்னிக்கு வரலையா?" என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போகிற வாடிக்கையாளரை எந்த மென்பொருளும் பதிவதில்லை. அந்த அக்கா கால் வலியால் வேலையை விட்டிருந்தால், கடைக்குப் போனது வெறும் ரூ.20,000 என்று என்னால் எழுத முடியாது. இருந்தாலும் கணக்கில் அவ்வளவே வைக்கிறேன், குறைத்து வைத்தது என்று தெரிந்தே.

அந்தக் குறைந்த எண்ணிலேயே பாருங்கள். மடக்குப் பலகைக்கு வருடம் ரூ.12,000. வருடத்தில் ஒரே ஓர் ஆள் வேலையை விடாமல் இருந்தால் ரூ.20,000 மிச்சம். 40 பலகைக்கும் அந்த ஓர் ஆள் போதும்.

தண்ணீருக்கும் இந்தக் கணக்கில் ஓர் இடம் உண்டு. கழிப்பறைக்கு மூன்று மாடி ஏற வேண்டும், போனால் சூப்பர்வைசர் நேரம் பார்ப்பார் என்றால், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சித்திரை வெயிலில், புழுக்கத்தில், அதுவே சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். தொழிற்சாலைகளுக்கான விதி 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று வைத்தது. ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு அதைவிடக் குறைவாகப் போதும் என்று சொல்ல எந்த மருத்துவரும் இல்லை. 1947 சட்டம் ஊழியருக்கு வருடத்தில் நோய்க்காக 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. ஒரு நாள் சம்பளம் ரூ.500. இருக்கை, தண்ணீர், கழிப்பறை மூன்றும் ஒழுங்காக இருந்து, ஆளுக்கு வருடத்தில் 2 நாள் விடுப்புக் குறைந்தால் 60 பேருக்கு 120 நாள், ரூ.60,000. ஆடி ஞாயிற்றுக்கிழமை இருவர் வராமல் போனால் கவுண்டரில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் இந்தத் தொகையைப் பார்த்துச் சிறியது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. இதை 'பிடித்தம்' என்று மட்டும் பார்க்கும் பழக்கம் முதலாளிக்கும் உண்டு, ஊழியருக்கும் உண்டு. 2017 ஜனவரியில் சம்பள உச்சவரம்பை ரூ.21,000 ஆக்கினார்கள். 2019 ஜூலையிலிருந்து முதலாளியின் பங்கு 4.75 விழுக்காட்டிலிருந்து 3.25 ஆகவும், ஊழியரின் பங்கு 1.75-லிருந்து 0.75 ஆகவும் குறைந்தது. ரூ.15,000 சம்பளத்துக்கு முதலாளி கட்டுவது மாதம் ரூ.487.50, வருடம் ரூ.5,850. ஊழியர் கட்டுவது மாதம் ரூ.112.50. அதற்குக் கிடைப்பது: நோயில் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு; வேலையில் அடிபட்டால் 90 விழுக்காடு; பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்; குடும்பம் முழுக்க மருத்துவம். தி.நகரிலிருந்து அசோக் நகரைத் தாண்டினால் கே.கே.நகரில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

சில கடைகளில் பாதி ஆட்களைப் பதியாமல் விட்டு வைப்பார்கள். 'சீசன் ஆள்தானே' என்று ஒரு காரணம். அந்தச் சீசன் ஆள், 25 வயதுப் பையன், பரணிலிருந்து சரக்கு இறக்கும்போது ஏணி சறுக்கி விழுந்து இறந்துவிட்டால் என்ன கணக்கு? 1923-ல் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போயிருக்கும் இழப்பீட்டு வாய்பாடு இது: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பை 2020 ஜனவரியில் ரூ.8,000-லிருந்து ரூ.15,000 ஆக்கினார்கள். 25 வயதின் காரணி எண் 216.91. ரூ.7,500-ஐ அதால் பெருக்கினால் ரூ.16,26,825. அவர் இஎஸ்ஐயில் இருந்திருந்தால் அந்தச் சுமையை இஎஸ்ஐ எடுத்துக்கொண்டு குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் கொடுத்திருக்கும். பதியாமல் விட்டு மிச்சம் பிடித்தது வருடம் ரூ.5,850. அந்த மிச்சத்தைச் சேர்த்து ரூ.16,26,825-ஐக் கொடுக்க வேண்டும் என்றால் 278 வருடம் ஆகும். தி.நகர் என்ற ஊருக்கே இன்னும் 278 வயது ஆகவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் அது ஏரி.

இறந்த பையனின் வீட்டுக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. வாய்பாட்டைப் போடும்போதெல்லாம் அந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை. ஆனால் ரப்பர் காலும் மேல் தட்டும் வைத்த அலுமினிய ஏணி ஒன்று ரூ.5,000-க்கு வரும் என்றால், அதை வாங்காமல் இருந்ததற்கு என்ன பதில் சொல்வது?

தீ. இந்தத் தெருக்கள் அதை இரண்டு முறை பெரிதாகப் பார்த்திருக்கின்றன. 2008 செப்டம்பர் 1-ஆம் தேதி ரங்கநாதன் தெருவில் ஒரு பலமாடிக் கடையில் பிடித்த தீயில் ஊழியர் இருவர் இறந்தார்கள். 2017 மே 31, புதன்கிழமை விடியற்காலையில் உஸ்மான் சாலையில் தி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீ. கடை திறக்காத நேரம். உள்ளே இருந்த ஊழியர்களைத் தீயணைப்புத் துறை மீட்டது. பகல் முழுக்க அணைத்தும் தீ அடங்கவில்லை. மறுநாள் அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பிறகு முழுவதையும் இடிக்க வேண்டியிருந்தது. இடிக்கும் வேலையில் ஒரு தொழிலாளி உயிர் போனது. தீ பிடித்த கட்டடத்தோடு அந்த இழப்பு நிற்கவில்லை: சாலையில் போக்குவரத்து நின்றது, அக்கம்பக்கத்துக் கடைகள் ரம்ஜான் வியாபார நேரத்தில் மூடிக் கிடந்தன. பக்கத்துக் கடைக்காரரின் மின்கம்பி நம் கடைக் கணக்கிலும் ஒரு வரி என்பதை அந்த வாரம் தி.நகர் முழுக்கப் புரிந்துகொண்டது.

"இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். சாதாரணத் தீ பாலிசி கட்டடத்துக்கும் சரக்குக்கும் பணம் தரும். கடை மூடிக் கிடந்த நாட்களின் லாபத்துக்குத் தராது. அதற்குத் தனியாக ஒரு பாலிசி எடுக்க வேண்டும், பலர் எடுப்பதில்லை. நம் கற்பனைக் கடை மூன்று மாதம், 90 நாள், மூடிக் கிடந்தால்? விற்பனை ரூ.2,70,00,000 போனது. அதில் மொத்த லாபம் 20 விழுக்காடு என்றால் ரூ.54,00,000. அந்த மூன்று மாதமும் ஆட்களை வைத்திருக்கச் சம்பளம் ரூ.27,00,000 வெளியே போகும். சம்பளம் கொடுக்காவிட்டால் 60 பேரும் போவார்கள். மறுபடி ஆள் சேர்க்க ஆளுக்கு ரூ.20,000, மொத்தம் ரூ.12,00,000.

மாடிப்படியில் சரக்கு வைக்காமல் இருக்க என்ன செலவு? மேற்கு மாம்பலத்திலோ கோடம்பாக்கத்திலோ உள்தெருவில் 300 சதுர அடி குடோன், சதுர அடி ரூ.50 என்றால் மாதம் ரூ.15,000, வருடம் ரூ.1,80,000. இந்தக் கட்டுரையில் பாதுகாப்புக்கென்று நான் எழுதும் செலவுகளில் பெரியது இதுதான். இதைச் சிறியது என்று சொல்லிக் கடந்து போகவில்லை. ஆனால் படி என்பது 60 ஊழியரும் ஆடி மாதத்தில் பல நூறு வாடிக்கையாளரும் புகையில் இறங்க வேண்டிய ஒரே வழி. அதற்கு வேறு வேலை கொடுக்க முடியாது.

எல்லாச் செலவையும் ஒரே இடத்தில் கூட்டுகிறேன். மடக்குப் பலகை ரூ.12,000. வெளிக் குடோன் ரூ.1,80,000. வியாபாரம் குறைந்த மேல் மாடியில் 100 சதுர அடி ஓய்வறை, அங்கே சதுர அடி ரூ.60 என்று வைத்து, ரூ.72,000. நான்கு நல்ல ஏணி, ஐந்து வருடத்துக்குப் பிரித்து ரூ.4,000. தீயணைப்பான் 12, அதே போலப் பிரித்து, வருடாந்தர நிரப்பலோடு ரூ.13,200. மின்சாரப் பரிசோதனையும் பழுதும் ரூ.40,000. ஷட்டர் தூக்கும் முன் வருடத்தில் இரண்டு முறை அரை மணி நேரத் தீப் பயிற்சி, 60 பேரின் அரை மணிச் சம்பளம் இரண்டு தடவைக்கு ரூ.3,750. மொத்தம் ரூ.3,24,950.

சம்பளச் செலவில் இது 3 விழுக்காடு. இஎஸ்ஐக்கு முதலாளி கட்டும் பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. விற்பனையில் பார்த்தால் ஆயிரம் ரூபாய்ப் புடவை ஒன்றுக்கு ரூ.3.09. அந்தப் புடவையைப் போட்டுக் கொடுக்கும் கட்டைப் பைக்கு இதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது.

வரவு? வருடம் போகிற 24 பேர் 18 ஆனால் ரூ.1,20,000. விடுப்பு குறைந்தால் ரூ.60,000. இரண்டும் சேர்ந்து ரூ.1,80,000. இன்னும் ரூ.1,44,950 பாக்கி. 20 விழுக்காடு லாபத்தில் அதை எடுக்க வருடத்துக்கு ரூ.7,24,750 கூடுதலாக விற்க வேண்டும். நாளுக்கு ரூ.2,071. அதை 40 பேருக்குப் பிரித்தால் ஓர் ஆள் நாளுக்கு 52 ரூபாய். கால் வலிக்காத ஒருவர், மாலை ஏழு மணிக்கு வரும் கடைசிக் கூட்டத்துக்கும் முகம் சுளிக்காமல் இன்னொரு அடுக்கைப் பிரித்துக் காட்டுகிறவர், நாளுக்கு 52 ரூபாய் கூடுதலாக விற்பாரா? எனக்குச் சந்தேகம் இல்லை. இதில் ஏணி விபத்தையோ தீயையோ நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

உலகக் கணக்கு இதைவிடத் தாராளமாக இருக்கிறது. சர்வதேசச் சமூகப் பாதுகாப்புச் சங்கம் 2011-ல் 15 நாடுகளில் 300 நிறுவனங்களிடம் கேட்டுப் பார்த்து, பாதுகாப்பில் போடும் 1 ரூபாய்க்கு 2.20 ரூபாய் பலன் என்றது. அந்தக் கணக்கில் போட்டால் நம் கடைக்கு ரூ.7,14,890 வர வேண்டும். நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அது நிறுவனங்கள் தாங்களே மதிப்பிட்டுச் சொன்ன பலன். கணக்கெழுதுகிறவன் வரவை அப்படி ஏற்க மாட்டான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் வேலையாலும் வேலை தரும் நோயாலும் உலகில் வருடம் 29 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள், உலக உற்பத்தியில் ஏறத்தாழ 4 விழுக்காடு இதில் கரைகிறது. ரங்கநாதன் தெருக் கடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவருக்கு அதில் பிடிப்பு இருக்காது. 52 ரூபாய் என்றால் பிடிப்பு இருக்கும்.

கற்றுக்கொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. தொழிற்பாதுகாப்பைக் கற்றுத்தரும் ஒன்றிய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அடையாறுக்குப் பக்கத்தில் தரமணியில், சர்தார் பட்டேல் சாலையில் இருக்கிறது. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டையில், தி.நகரிலிருந்து நடந்து போகிற தூரம். அடையாறு தியோசாபிகல் சொசைட்டியில் இருந்த பி.பி.வாடியாதான் 1918 ஏப்ரல் 27-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவர். ஆலைத் தொழிலாளர் அவரிடம் கொண்டுவந்த முதல் குறைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. நூற்றாண்டுக்குப் பிறகும் இந்த நகரத்தில் அதே குறையை நான் கேட்கிறேன், இப்போது ஜவுளிக்கடைப் பெண்களிடமிருந்து.

சட்டம் வந்து இருக்கையும் வந்த கடைகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் மடிக்காத புடவைகள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார் என்ற பயம். சூப்பர்வைசருக்கோ கேமராவில் முதலாளி பார்ப்பார் என்ற பயம். ஆக ரூ.600 ஸ்டூல் வாங்கியும் பலன் பூஜ்யம். முதலாளி ஒரு நாள் கடைக்கு வந்து, ஸ்டூல் மேல் இருக்கும் புடவையை அவர் கையாலேயே எடுத்து வைத்து, "கூட்டம் இல்லாதப்ப உக்காரும்மா" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னால் போதும். இந்தக் கணக்கில் செலவே இல்லாத பதிவு அது ஒன்றுதான்.

இந்த மார்ச்சில் நான் முடிக்கப்போகும் புத்தகங்களில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்கிறேன். இடது பக்கம் வேலையை விட்டவர் பெயர், எத்தனை மாதம் இருந்தார், எந்தப் பகுதியில் நின்றார், ஏன் போனார். வலது பக்கம் ரூ.20,000. ஏன் போனார் என்ற கட்டத்தில் 'ஊருக்குப் போனார்' என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பி அனுப்புவேன். ஊருக்குப் போன பெண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.